ஓராண்டுக்குக் கேட்க வேண்டாம்

"நான் திருத்திட்டேன் ஆசிரியரே. அவங்க கைப்பேசிதான் திருந்த மாட்டேங்குது."

படியேறி வந்த வேகத்தில் அரங்கண்ணலுக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

ஜமீலா டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு வயது முப்பத்தாறு.

"முதல்ல உக்காருங்க அண்ணாச்சி. தண்ணி குடிங்க."

ஞானம் வேண்டியவர்கள் மலை ஏறுவார்கள். அந்தத் துறைமுக ஊரில் வெப்சைட் பழுதானவர்கள் கயிற்றுக்கடைக்கு மேலே இரண்டாவது மாடிக்கு ஏறினார்கள். ஊரில் பாதி வெப்சைட்டுகள் அங்கிருந்த மூன்று சர்வர்களில்தான் ஓடின.

ஜமீலா டீச்சர் முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். மாணவர்கள் கேள்வியே கேட்பதில்லை என்று சலித்துப்போய் வேலையை விட்டார். இங்கே எல்லோரும் கேள்வியோடுதான் வந்தார்கள். பதிலோடு போனார்களா என்பது வேறு விஷயம்.

அரங்கண்ணல் ஓய்வுபெற்ற நில அளவையர். மீனவர் சங்கத்தின் வெப்சைட்டைச் சம்பளம் வாங்காமல் கவனித்துக்கொண்டார். வேலையை டீச்சரிடம் கற்றார். தமிழை அப்பாவிடம் கற்றார். ஊரே 'ஃபாண்ட்' என்றபோது அவர் 'எழுத்துரு' என்றார். ஊரே 'போன்' என்றபோது 'கைப்பேசி' என்றார். ஊரே 'சர்வர்' என்றபோது 'வழங்கி' என்றார். ஊரே 'டீச்சர்' என்றபோது அவர் மட்டும் 'ஆசிரியரே' என்றார்.

தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"என்னத்தத் திருத்துனீங்க?"

"எழுத்துருவை."

"அதுக்கு என்ன ஆச்சு?"

அரங்கண்ணல் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஆறு எழுத்தை வெட்டியிருந்தேன்."

"எந்த ஆறு?"

"வடவெழுத்து."

"சொல்லிக் காட்டுங்க."

அவர் சொல்ல விரும்பவில்லை. டீச்சர் காத்திருந்தார்.

"ஜ. ஷ. ஸ. ஹ. க்ஷ. ஸ்ரீ."

"என் பேர்ல முதல் எழுத்தே போச்சு," என்றார் டீச்சர். "வெறும் மீலாதான் மிச்சம்."

அரங்கண்ணல் சிரிக்கவில்லை.

"எதுக்கு வெட்டுனீங்க?"

"எடை குறையத்தான் ஆசிரியரே. படகுல இருக்கிறவங்க காத்து எவ்வளவு, அலை எவ்வளவுன்னு பாக்கிற பக்கம் அது. கரையை விட்டுப் பத்து மைல் போனா கைப்பேசியில ஒத்தைக் கோடுதான். எவ்வளவு எடை கம்மியோ அவ்வளவு சீக்கிரம் திறக்கும்."

"எத்தனை கிலோபைட் குறைஞ்சுது?"

"நாலு."

"நாலு கிலோபைட்டுக்காகவா வெட்டுனீங்க?"

அரங்கண்ணல் தம்ளரை மேசையில் வைத்தார். டீச்சர் மறுபடி கேட்கவில்லை.

அவர் வெட்டிய விதம்தான் வினை. எழுத்தின் வடிவத்தை மட்டும் அழித்தார். எழுத்துக்குரிய இடத்தை விட்டுவைத்தார். இடமும் சேர்ந்து போயிருந்தால், போன் தன்னிடமிருக்கும் வேறு ஃபாண்டிலிருந்து அந்த எழுத்தைக் கடன் வாங்கிக் காட்டியிருக்கும். இடம் இருந்ததால் எழுத்தும் இருக்கிறதென்று போன் நம்பியது. இல்லாத எழுத்தை நம்பிக்கையோடு காட்டியது. பார்த்தவர்களுக்கு அங்கே வெறும் வெள்ளை.

அவருடைய கணினியில் முழு எழுத்துருவும் தனியாக இருந்தது. அதில் எல்லாம் சரியாகவே தெரிந்தது.

இது செப்டம்பரில் நடந்தது.

அக்டோபரில் புயல் வந்தது. பத்தொன்பது பேர் கரை திரும்பவில்லை. சங்கம் அவர்கள் பெயர்களை ஒரு பட்டியலாகத் தட்டச்சு செய்து அவரிடம் கொடுத்தது. நவம்பர் ஒன்பதாம் தேதி அதை வெப்சைட்டில் போட்டார். போட்டுவிட்டுத் தலைகுனிந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மனசில்லாமல் இல்லை.

பத்தொன்பதில் எட்டுப் பெயர்களில் ஓட்டை விழுந்திருந்தது. அது அவருக்குத் தெரியவே மூன்று மாதம் ஆயிற்று. சங்க அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண் போனை நீட்டி, "எங்க அண்ணன் பேரு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அன்னைக்கே முழு எழுத்துருவையும் வழங்கியில ஏத்திட்டேன் ஆசிரியரே. பத்து நிமிட வேலை. ஆனா அந்தப் பொண்ணோட கைப்பேசியில மாறல. மறுபடி திறக்கச் சொன்னேன். மாறல. அணைச்சுப் போடச் சொன்னேன். மாறல."

"எப்படி மாறும்? சர்வர்ல என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதான். வாங்கினதைக் கைப்பேசியிலேயே ஓராண்டு வச்சுக்கோ. அதுவரைக்கும் எங்கிட்ட எதையும் கேக்க வேண்டாம்."

"அது ஃபாண்டுக்கு. ஃபைல் பேரை மாத்திப் புது ஃபாண்டைப் போட்டா, பக்கம் புதுசைத்தானே கேட்கும்?"

"மாத்தினேன். புதுசா வர்றவங்களுக்குச் சரியாத் தெரியுது. முன்னாடியே பாத்தவங்களுக்குப் பக்கமே பழசுதான் வருது."

"பக்கத்துக்கும் ஓராண்டு போட்டிருக்கீங்களா?"

"எழுத்துரு இருக்கிற கோப்புறையிலதான் அந்தப் பட்டியலையும் வச்சேன். அந்தக் கோப்புறை முழுக்க ஓராண்டு."

"ஏன் அதுல வச்சீங்க?"

அரங்கண்ணலின் குரல் இறங்கிவிட்டது.

"இறந்தவங்க பட்டியல்தானே. இனிமே மாறாதுன்னு நெனச்சேன்."

டீச்சர் அப்போதுதான் நாற்காலியைத் திருப்பினார்.



"எம்மேலயும் தப்பு இருக்கு அண்ணாச்சி," என்றார் டீச்சர். "வச்சுக்கோன்னு எப்படிச் சொல்றதுன்னு காட்டினேன். எதுக்கெல்லாம் அதைச் சொல்லக் கூடாதுன்னு காட்டல."

"அவங்களைக் கூப்பிட ஒரு வழி சொல்லுங்க ஆசிரியரே."

"யாரை?"

"அந்தக் கைப்பேசிகளை. பழசைத் தூக்கிப் போட்டுட்டு எங்கிட்ட வான்னு வழங்கியிலருந்து சொல்லணும்."

டீச்சர் எழுந்து அவருடைய சர்வரின் பதிவேட்டைத் திறந்தார். யார் எந்த நேரத்தில் எதைக் கேட்டார்கள் என்பது வரிவரியாக ஓடியது.

"அந்த எட்டு வீட்டுக்காரங்களும் தினமும் பாக்கிறாங்களா?"

"தினமும் பாக்கிறதா அந்தப் பொண்ணு சொன்னா. சில பேர் ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை."

"காட்டுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். காற்றும் அலையும் கேட்டு ஆயிரம் வரிகள் இருந்தன. பழைய பட்டியலைக் கேட்டு ஒரு வரிகூட இல்லை.

"காணோமே."

"எப்படி இருக்கும்? கேட்க வேண்டாம்னு போனுக்குச் சொன்னீங்க. கேட்கல. பாவம், சொன்ன பேச்சைக் கேட்கிற சாதி அது."

அரங்கண்ணல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வீடுகளில் தினமும் யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஓட்டை விழுந்த பெயரைப் பார்த்துவிட்டு மூடுகிறார். அதற்கு இங்கே சின்னத் தடயம்கூட இல்லை. 

"சர்வர் யாரையும் கூப்பிடாது அண்ணாச்சி. கேட்டா பதில் சொல்லும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாதா?"

டீச்சர் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை அரங்கண்ணல் மறுபடி வந்தார். கையில் ஒரு தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு.

"குறுஞ்செய்தி அனுப்பப் போறேன் ஆசிரியரே. எட்டு வீட்டு எண்ணும் சங்கத்துல இருக்கு. உலாவி சேமிச்சு வச்சதை எப்படி அழிக்கிறதுன்னு படிப்படியா எழுதிட்டேன். மொத்தம் ஏழு படி. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்."

டீச்சர் தாளை வாங்கிப் படித்தார். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. 'முதலில், அமைப்புகள் பகுதிக்குச் செல்லவும்' என்று தொடங்கி, 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று முடிந்திருந்தது.

"நல்லா இருக்கு."

"அனுப்பட்டுமா?"

"முதல் படிக்கு முன்னாடி ஒரு படி இருக்கே. அதை விட்டுட்டீங்க."

அரங்கண்ணல் தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்று முதல் ஏழு வரை விரல் வைத்துப் படித்தார்.

"எல்லாம் இருக்கே ஆசிரியரே. கைப்பேசியைத் திறக்கிறதைச் சொல்றீங்களா?"

டீச்சர் பதில் சொல்லாமல் எழுந்து வாசலுக்குப் போனார்.

அவர் குனிந்து ஏதோ செய்வது மட்டும் தெரிந்தது. அரங்கண்ணல் எட்டிப் பார்த்தார். அறையைப் பார்த்துக் கிடந்த அவருடைய செருப்புகள் இரண்டும் இப்போது படிக்கட்டைப் பார்த்து இருந்தன.

தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவர் தன் செருப்பைத் தொட்டதில் அவருக்குக் கூச்சமாகிவிட்டது.  தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

எட்டு வீடுகளுக்கும் போய்வர அவருக்கு நான்கு நாளாயிற்று. முப்பத்தைந்து வருடம் அளவுச் சங்கிலியோடு பிறத்தியார் நிலத்தில் நடந்தவர்தான். ஆனால் ஒரு வாசலில் நின்று 'என் தப்பு' என்று சொல்வது அவருக்குப் புது வேலையாக இருந்தது.

முதல் வீட்டில் சுற்றி வளைத்தார். எழுத்துரு, வழங்கி, கிலோபைட் என்று கால் மணி நேரம் பேசினார். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப நாங்க எங்க கையெழுத்துப் போடணும் சார்?" என்றார்.

இரண்டாவது வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அதைக் குடிப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூன்றாவது வீட்டில் ஒரு கிழவர் திரும்பி வந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அதனால் திரை மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தது.

நான்காவது வீடு கரை திரும்பாத ஷாகுலுடையது. அவனுடைய அக்காதான் போனைக் கொடுத்தாள். அழித்துக் காட்டியதும் பெயர் முழுசாக வந்தது.

"எங்க எழுத்து வேண்டாம்னு எடுத்துட்டாங்கன்னு வீட்டுல பேசிக்கிட்டோம்," என்றாள் அவள். "அப்படியெல்லாம் இல்லைல்ல அண்ணாச்சி?"

"சேச்சே. எடை குறையத்தான்."

"நானும் அதைத்தான் சொன்னேன்."

அரங்கண்ணல் விடைபெற்றுத் தெருமுனை வரை போனார். அங்கே ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து கதவைத் தட்டினார்.

"என்ன அண்ணாச்சி, எதையாவது வச்சிட்டுப் போயிட்டீங்களா?"

"அப்படியும்தான்மா."

"எது அப்படியும்தான்?"

"நீ கேட்டியே. எடைக்காக மட்டும் இல்ல. அந்த எழுத்துங்க தமிழுக்கு எதுக்குன்னு ஒரு நெனப்பு எனக்கு இருந்தது. எழுத்தைத்தான் நெனச்சேன். அந்த எழுத்துல பேர் வச்ச ஆளுங்களை நெனக்கல."

 கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டிலும் சுற்றி வளைக்கவில்லை.

எட்டாவது வீடு பிலோமியுடையது. கடற்கரையில் ஏலம் முடிந்து, எடுத்த மீனை விற்றுவிட்டு, பதினொரு மணிக்கு மேல்தான் அவர் வீட்டில் இருப்பார். அரங்கண்ணல் போனபோது கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மகன் பெயர் ரோஜர். வயது இருபத்து நான்கு. உடல் கிடைக்கவில்லை.

"சங்கத்து வெப்சைட்டைப் பாத்துக்கிற ஆள்மா நான். உங்க மகன் பேர்ல ஒரு எழுத்து தெரியாம இருக்கு. அது நான் செஞ்ச தப்பு. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, போனைச் சரிபண்ணிக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

போன் என்றே சொன்னார். அது அவருக்கே தெரியவில்லை.

பிலோமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து வந்தார். பட்டியல் முதல் திரையிலேயே இருந்தது. பன்னிரண்டாவது பெயர். 'ரோ'வுக்கும் 'ர்'ருக்கும் நடுவே ஓர் எழுத்தளவு வெள்ளை.

"இந்த எடத்தையா சொல்லுதீங்க?"

"ஆமாம்மா."

"இது தப்பா?"

"தப்புதான்."

அவர் போனைக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"எங்க தெருவுல மூணு பேரு," என்றார். "மரியான் ஒடம்பு மறுநாளே கெடச்சிச்சு. லூர்துவ ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டாந்தாவ. அவனுவ பேரு ரெண்டும் முழுசா கெடக்கு. எம்மவன் பேருலதான் எடம் விட்டிருக்கு."

அரங்கண்ணலுக்கு அவர் என்ன சொல்ல வருகிறார் என்று புரியத் தொடங்கியது. புரியாமலிருந்தால் தேவலை என்றிருந்தது.

"ஒடம்பு கெடைக்காதவனுக்கு எடம் விட்டிருக்காவன்னு நெனச்சேன் அண்ணாச்சி. நிச்சயமான பொறவு எழுதிக்கிடலாம்னு விட்டிருப்பாவன்னு."

"அம்மா..."

"அதான் தெனமும் பாக்கேன். கடக்கரைக்குப் போகு முன்ன ஒரு தடவ. வந்து ஒரு தடவ. எழுத்து விழுந்துருச்சான்னு. இன்னைக்கு வரைக்கும் விழல. விழலன்னா எங்கயோ கரையேறி இருக்கான், சொல்ல வழியில்லாமக் கெடக்கான்னு நெனச்சுக்கிடுவேன்."

சொல்லிவிட்டு பிலோமி அரங்கண்ணலின் முகத்தைப் பார்த்தார்.

அரங்கண்ணல் தன் வாழ்க்கையில் எத்தனையோ எல்லைத் தகராறுகளைப் பார்த்தவர். இந்தக் கல் இங்கே இல்லை, அங்கே என்று நேருக்கு நேர் சொல்லிப் பழகியவர். இந்த ஒன்றைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. எதற்கு வந்தோம் என்று நொந்துகொண்டார். அந்த நாலு கிலோபைட்டை எண்ணி வெட்கப்பட்டார். வராமலே இருந்திருந்தால் இன்னும் பெரிய பாவமாயிருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"அந்த இடத்துக்கு அர்த்தம் எதுவும் இல்லம்மா."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல. அது நான் வெட்டினது. கடலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சங்கத்துப் பட்டியல்ல உங்க மகன் பேர் மொத நாள்லருந்தே முழுசா இருக்கு."

பிலோமி சுவரோரம் உட்கார்ந்தார். அழவில்லை. கழுவிக் கவிழ்த்த கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ வலை இழுக்க ஆள் கூப்பிட்டார்கள். அரங்கண்ணல் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல அவருக்கும் நினைவில்லை, உட்கார இவருக்கும் தோன்றவில்லை.

பிறகு பிலோமி கேட்டார்.

"இப்ப நீங்க அமுக்குனா எழுத்து வந்துருமா?"

"வந்துரும்."

"அமுக்கலன்னா?"

"தானா வரும். ஆனா நாளாகும். மொதல்ல நீங்க அந்தப் பக்கத்தைத் திறந்த நாள்லருந்து ஒரு வருசம்."

"போட்ட அன்னைக்கே பாத்தேன். லூர்து பொண்டாட்டி எடுத்துக் காட்டுனா."

"அப்ப வர்ற நவம்பர் ஒம்பது."

பிலோமி விரல் விட்டு எண்ணினார்.

"ஒம்பது மாசம்."

"ஆமாம்மா."

"அதுக்குள்ள நான் தெரியாம எதையாவது தொட்டாப் போயிருமா?"

"செட்டிங்ஸ் பக்கம் போகாம இருந்தாப் போகாது."

அவர் போனின் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அதை அரங்கண்ணலிடம் நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"இல்லம்மா. அது பொய். நான் சொன்ன பொய்."

"பொய்யின்னு சொல்லிட்டீங்கல்லா. கேட்டுக்கிட்டேன். இருக்கட்டும்."

அரங்கண்ணல் தலையசைத்தார். வாசல் வரை போனார்.

"அண்ணாச்சி."

திரும்பினார்.

"அன்னைக்கு நீங்க வந்துருங்க. தனியா பாக்க எனக்குத் தெம்பில்ல."